திரும்பற அளவு

கையை நெம்ப இறுக்கிப் புடிச்சுட்டனா கண்ணு? வளையலு பதிஞ்சு போச்சு பாரு. மன்னிச்சுக்க சாமி. வெளிய அந்த ஆளு ரோட்டோரத்துல புல்லு வெட்டற மெஷினைத் திடீர்னு போட்டுட்டான். கொய்ய்ய்னு ஒரு சத்தம். அது எனக்கு ஆவறதில்ல. இந்த இருபத்திரெண்டு நாளாத்தான் இப்பிடி. மிக்ஸி சத்தம்கூட ஆவறதில்ல. சட்னியை அம்மியில அரைக்கறேன்னா பாத்துக்க.

பயந்தாங்கொள்ளின்னு நெனச்சுக்காத. நான் அப்பிடியாப்பட்ட ஆளே இல்ல. கெணத்து மோட்டார் ரூமுல கெடந்த சாரைப்பாம்பைக் குச்சியில தூக்கி வெளிய வீசுனவ நானு. சுத்தற சாமானம் ஒண்ணுதான் எனக்கு ஆவாது.

நீ எங்க கண்ணு போற? நெகமமா? அப்ப நீ கடைசி வரைக்கும். நான் முன்னாலயே எறங்கிருவேன். அது வரைக்கும் பேசிட்டு வரட்டுமா? பஸ்ஸுல சும்மா உக்காந்துட்டு வர முடியல.

என்ற வூட்டுக்காரரு பேரு நாச்சிமுத்து. என்ற பேரு துளசிமணி. அவரு பம்புசெட்டு மோட்டார் பண்ற கம்பெனியில டெஸ்டிங்ல முப்பத்தியொரு வருசம் வேலை பாத்தாரு. கல்யாணமான புதுசுல ஒரு நாளு, ஒரு மோட்டாரை டெஸ்டுக்கு ஓட விட்டப்ப ஃபேனு எறக்கை பிச்சுட்டு வந்து பக்கத்துல நின்ன ஆளு தாடையில அடிச்சிருச்சு. இவரு சட்டையெல்லாம் ரத்தத்தோட வூட்டு வாசல்ல வந்து நிக்கறாரு. அது அவரு ரத்தமில்லன்னு எனக்குத் தெரியறதுக்குள்ள பாதி உசுரு போயிருச்சு. அன்னையிலிருந்து தெனமும் அஞ்சரை மணிக்கு அவரு வண்டிச் சத்தம் கேக்கற வரைக்கும் எனக்கு வேலை ஓடாது. முப்பத்தியொரு வருசம். ரிட்டயர்டு ஆன அன்னைக்கு மாலையும் கழுத்துமா வந்தாரு பாரு, நான் சாமி ரூமுல போயி உக்காந்து அழுதேன். அப்பாடா, முடிஞ்சுதுன்னு.

எங்க முடிஞ்சுது.

பெனடிக்ட் சாருன்னு ஒருத்தரு. பாலிடெக்னிக்குல ஒர்க்‌ஷாப் பாத்தவரு, நல்ல மனுசன்தான், குத்தம் சொல்லக்கூடாது. அவரு ரிமோட்டுல பறக்க விடற பிளேனு பண்ணுவாரு. பொம்மைன்னு நெனைச்சுக்காத. நான் ரெண்டு கையையும் விரிச்சா எவ்வளவோ அவ்வளவு நீளம் எறக்கை. தெர்மாகோலாட்ட அட்டையில வெட்டி ஒட்டறது. உள்ள பேட்டரி, மூக்குல மோட்டாரு, மோட்டாருக்கு முன்னால காத்தாடி. அந்தக் காத்தாடி சுத்தற வேகத்துக்கு வெரலை வெச்சா வெண்டைக்காதான். இவரு ஒரு நாளு போயிப் பாத்துட்டு வந்தாரு. கண்ணு ரெண்டும் பளபளங்குது. கம்பெனியில சேந்த வருசத்துல அப்பிடி இருந்த கண்ணு.

"துளசி, நானும் ஒண்ணு பண்ணப் போறேன்"னாரு.

நான் என்ன சொல்றது? சரிங்கன்னேன்.

தை மாசம் ஆரம்பிச்சாரு. மஞ்சக் கலரு பிளேனு. ஹால்ல டைனிங் டேபிளு மேல ஒரு மாசம் கெடந்துச்சு, நாங்க தரையில உக்காந்து தின்னோம். ஒரு மத்தியானம் மோட்டாரை மாட்டிப் பாக்கறாரு. காத்தாடியையும் சேத்து மாட்டிட்டாரு. பேட்டரியைச் சொருகுனதும் அது ஓட ஆரம்பிச்சிருச்சு! ரிமோட்டுல குச்சி மேல இருந்திருக்கு, இவரு பாக்கல. காலண்டரு பறக்குது, பேப்பரு பறக்குது, பிளேனு டேபிள்ல இழுத்துட்டுப் போயி செவுத்துல முட்டி, டேபிளு ஓரத்தை எலி கடிச்சாட்ட கொதறி வெச்சிருச்சு. அவரு வெரலுக்கும் அதுக்கும் ஒரு நூலு தூரம்.

அன்னைக்கு முடிவு பண்ணுனேன். இவரை நம்பி விடக்கூடாது.

எனக்கு இதுல ஒண்ணும் தெரியாது கண்ணு. நான் பன்னெண்டாவது வரைக்கும் படிச்சவ, அவ்வளவுதான். ஆனா அவருக்குத் தூரத்துப் பார்வை கழுகாட்ட இருக்குது, கிட்டத்துப் பார்வைதான் போச்சு. கண்ணாடி போட்டாலும் ரிமோட்டுல இருக்கற குட்டி எழுத்து அவருக்குத் தெரியாது. சின்ன சின்ன திருகாணி கைக்குச் சிக்காது. அதனால நான் பாத்தேன். பெனடிக்ட் சாரு வரும்போதெல்லாம் காப்பி குடுத்துட்டுப் பக்கத்துலயே நின்னுக்குவேன். கேட்டுக் கேட்டுக் காலண்டரு தாளு பின்னால எழுதி வெச்சேன். மேசையில வேலைன்னா மொதல்ல காத்தாடியைக் கழட்டோணும். ரிமோட்டைத்தான் மொதல்ல போடோணும், பேட்டரி அப்புறம்தான். எறக்கைக்கு அடியில ரெண்டு வெரலை வெச்சுத் தூக்குனா மூக்கு சித்த கீழ பாக்கோணும், வாலு கீழ போனா அன்னைக்குப் பறக்கக் கூடாது. குச்சியை வலது பக்கம் தள்ளுனா வலது எறக்கையில இருக்கற மடல் மேல வரோணும். ரிமோட்டை அணைச்சா மோட்டாரு தானா நிக்கோணும். முப்பது தப்படி தள்ளி நின்னு பாத்தாலும் சொன்ன பேச்சு கேக்கோணும். பேட்டரியைச் சார்ஜ் போட்டா மண்ணு சட்டிக்குள்ள வெச்சுத்தான் போடோணும், பக்கத்துலயே உக்காந்திருக்கோணும், உப்புன பேட்டரின்னா தூக்கி எறியோணும். காத்தாடி? அதை என்ற பீரோவுல நகைக்குப் பக்கத்துல வெச்சுப் பூட்டிக்கிட்டேன். பறக்கப் போற அன்னைக்குத்தான் எடுத்துக் குடுப்பேன்.

சிரிக்காத. பெனடிக்ட் சாரே சொன்னாரு, "அம்மா, உங்களாட்ட செக் பண்றதுக்கு எங்க ஆளுகள்ல யாருமில்லை"ன்னு. எனக்கு எதுக்கு அந்தப் பேரு? எனக்கு அவரு முழுசா வூட்டுக்கு வந்தா போதும்.

பூலாங்குளம் தெரியுமா? தண்ணியில்லாத குளம், ஒரே வெட்டவெளி. அங்கதான் பறக்க விடுவாங்க. மொத தடவ நான் கண்ணை மூடிட்டு நின்னுட்டேன். சத்தம் மட்டும் கேக்குது. அப்புறம் இவரு சிரிக்கற சத்தம் கேட்டுச்சு. தொறந்து பாத்தா மஞ்சப் பிளேனு வானத்துல அழகா சுத்துது. நல்லாத்தான் இருந்துச்சு, பொய் சொல்லலை. அப்பிடியே விட்டிருந்தா எனக்கும் ஒரு தொந்தரவுமில்ல.

ரெண்டாவது மாசம் குட்டிக்கரணம் போட ஆரம்பிச்சாரு. பிளேனு நேரா மேல போகும், தலைகீழாக் கவுரும், தலைக்கு மேலயே வரும். ஒருக்கா எங்க தலைக்கு மேல ஆளு ஒசரத்துல சர்ர்னு போச்சு. "ஏனுங்க, மெதுவா ஓட்டப்படாதுங்களா?"ன்னேன். "மெதுவாவா? இது என்ன மாட்டு வண்டியா துளசி?"ங்கறாரு. அவரு சிரிச்சுட்டே சொன்னாரு. எனக்குச் சிரிப்பு வரல. கம்பெனியில அடிபட்ட அந்த ஆளு தாடைதான் கண்ணுக்குள்ள வந்துச்சு. தெனமும் வந்துச்சு. சோத்தை வடிக்கும்போது வரும். கோலம் போடும்போது வரும். ஒரு நாளு அது யாரு கழுத்துலயோ ஏறப் போகுது, இவரு போலீசு ஸ்டேசன்ல நிக்கப் போறாரு. இல்லீன்னா இவரு கழுத்துலயே.

ஒரு நாளு பெனடிக்ட் சாரு வந்தப்பச் சும்மா கேக்கறாப்ல கேட்டேன். "ஏனுங்க சார், அது எப்பிடி அவ்வளவு வேகமாத் திரும்புது?"

"அந்த மடலெல்லாம் எவ்வளவு தூரம் அசையோணும்னு ரிமோட்டுல ஒரு எண்ணு இருக்குங்கம்மா. இப்ப நூறுல வெச்சிருக்கோம். கொறைச்சா பசுவாட்ட சாதுவாப் போகும். ஆனா..."

ஆனான்னு என்னமோ சொன்னாரு. எனக்கு அடுப்புல பாலு பொங்குச்சு, உள்ள போயிட்டேன். எனக்கு வேண்டியது கெடைச்சிருச்சு.

இதை நான் யாருகிட்டயும் சொன்னதில்ல கண்ணு. இன்னைக்குக் காத்தால வரைக்கும்.

அவரு மத்தியானம் தின்னுபோட்டு ஒரு மணி நேரம் படுப்பாரு. ரிமோட்டை எடுத்தேன். அந்த எண்ணு எங்க இருக்குன்னு தேடிக் கண்டுபுடிச்சேன். நூறைத் தொண்ணூறாக்குனேன். அவ்வளவுதான். பத்தே பத்து. அடுத்த ஞாயித்துக்கெழம பறக்க விட்டாரு. ஒண்ணும் தெரியல. "இன்னைக்குக் காத்து கனமா இருக்குது"ன்னாரு. சரி, நல்லதுதான்னு இன்னொரு பத்தைக் கொறைச்சேன். குட்டிக்கரணம் பெருசாயிருச்சு, மெதுவாப் போட்டாரு. எனக்கு மூச்சு சித்த நல்லா வந்துச்சு. அப்புறம் எழுபது. அப்புறம் அம்பத்தஞ்சு.

அம்பத்தஞ்சுல குட்டிக்கரணமே வரல. குச்சியை முழுசா இழுக்கறாரு, பிளேனு மேல போயி, சோம்பலா அப்பிடியே சாயுது. ரெண்டு தடவை பாத்தாரு. மூணாவது தடவ எறக்கிட்டாரு. ரிமோட்டைப் பாக்கல. தன்ற கையைப் பாத்தாரு. இப்பிடி, ரெண்டு கையையும் நீட்டி வெச்சுப் பாத்தாரு.

"துளசி, என்ற கை மந்தமாயிருச்சா?"ன்னாரு.

"வயசாகுதுங்கல்ல"ன்னேன்.

நல்லதுக்குத்தான் கண்ணு சொன்னேன். வயசாகுதுன்னு நெனச்சா தானா கொறைச்சுக்குவாருல்ல? அவரு ஒரு டாக்டரைப் பாத்தாரு. அந்த டாக்டரு கையைப் புடிச்சு அமுக்கிப் பாத்து, கண்ணை மூடி மூக்கைத் தொடச் சொல்லி, ஒண்ணுமில்ல, சத்து மாத்திரை சாப்பிடுங்கன்னு எழுதிக் குடுத்தாரு. ஒண்ணுமில்லன்னு சொன்னதே இவருக்குப் பயமாயிருச்சு. ஒண்ணுமில்லாம எப்பிடி கை போகும்? அவங்கப்பாவுக்குக் கடைசி காலத்துல கை நடுக்கம் வந்து, ஒருத்தரு ஊட்டி விட்டுத்தான் சாப்பிட்டாரு. அதை நெனச்சுக்கிட்டாருன்னு எனக்குத் தெரியும். ரப்பர் பந்து ஒண்ணு வாங்கிட்டு வந்து டிவி பாக்கும்போதெல்லாம் அமுக்கிட்டே உக்காந்திருப்பாரு. சட்டைக்குப் பட்டன் போடும்போது நின்னு நின்னு போடுவாரு. நான் பாத்துட்டுத்தான் இருந்தேன்.

சொல்லியிருக்கலாம்ங்கற. சொல்லியிருந்தா திருப்பி நூறாக்கிருவாரு. குட்டிக்கரணம் போடுவாரு. அப்ப?

அது நடந்ததுக்கு முந்துன நாளு நாப்பத்தஞ்சாக்குனேன். ஏன்னு கேட்டா எனக்கே தெரியல. அம்பத்தஞ்சுலயே அது பசுதான். ஆனா ஒவ்வொருக்கா கொறைக்கறப்பவும் ஒரு நாளு நல்லாத் தூக்கம் வரும் எனக்கு. அதுக்காகவோ என்னமோ.

அன்னைக்குக் காத்தால ஒன்பது மணி, பெனடிக்ட் சாரும் வந்திருந்தாரு. குளத்துல நூறு நாளு வேலைக்காரங்க மண்ணு வெட்டிட்டிருந்தாங்க, அக்கட்டக் கரையில, நெம்பத் தூரத்துல. அங்க ஒரு நாளும் இவரு ஓட்ட மாட்டாரு. நான் காலண்டரு தாளை எடுத்து எல்லாத்தையும் பாத்தேன். எறக்கையைத் தூக்கிப் பாத்தேன், மூக்கு சரி. முப்பது தப்படி நடந்து பாத்தேன், சரி. வலது பக்கம் தள்ளுனா வலது மடல் மேல வருது, எடது பக்கம் தள்ளுனா எடது மடல் மேல வருது. எல்லாம் சரிங்கன்னு சொல்லிக் காத்தாடியை மாட்டிக் குடுத்தேன். எந்தப் பக்கம் அசையுதுன்னு என்ற பட்டியல்ல இருந்துச்சு கண்ணு. எவ்வளவு அசையுதுன்னு இல்ல.

பத்து நிமிசம் நல்லாப் பறந்துச்சு. எறக்கறதுக்குச் சுத்திட்டு வர்றாரு. அந்நேரம் பாத்துக் காத்து எந்திரிச்சுச்சு. குப்பையெல்லாம் சுழட்டிட்டு வந்துச்சு. பிளேனை அப்பிடியே அக்கட்ட தள்ளுது. இவரு குச்சியை எடது பக்கம் ஓரத்துக்கே தள்ளிட்டாரு. அது பாரம் ஏத்துன வண்டியாட்ட மெல்லச் சாயுது. திரும்பல. கீழ வேற எறங்கிட்டே போகுது.

"திரும்ப மாட்டேங்குது துளசி"ன்னாரு. "என்ற கை... திரும்ப மாட்டேங்குது."

எனக்குத் தெரியும் ஏன் திரும்பலன்னு. அந்தக் குளத்துல எனக்கு மட்டுந்தான் தெரியும்.

பொம்பளைங்க வரிசையா மண்ணு சுமந்துட்டு வர்றாங்க. சத்தம் கேட்டு அல்லாரும் செதறி ஓடறாங்க. ஒருத்தி மட்டும் நின்னுட்டா. தலையில சட்டி, சட்டி நெறைய மண்ணு. திரும்பிப் பாக்க முடியல அவளுக்கு. அது நேரா அவகிட்டப் போகுது. கொய்ய்ய்ன்னு.

நான் என்ன பண்ணுனேன்னு எனக்கே ஞாபகமில்ல. எட்டி அவரு கையிலிருந்த ரிமோட்டுல மோட்டாரு குச்சியைப் புடிச்சுக் கீழ இழுத்துட்டேன். காத்தாடி நின்னுருச்சு. சத்தம் நின்னுருச்சு. நின்ன காத்தாடியோட போயி அவ தலையில இருந்த சட்டியில முட்டுச்சு. டங்குன்னு ஒரு சத்தம். சட்டி ஒரு பக்கம், பிளேனு ரெண்டா ஒரு பக்கம், அவ ஒரு பக்கம் கல்லு மேல.

ஓடுனோம். மாராத்தான்னு பேரு அவளுக்கு. மணிக்கட்டு ஒடைஞ்சு கை கோணலாத் தொங்குது. மூஞ்சியெல்லாம் மண்ணு. அவ என்னையப் பாத்து மொதல்ல என்ன சொன்னா தெரியுமா? "அம்மிணி, உங்க பிளேனு ஒடைஞ்சு போச்சுங்களே"ன்னா.

அப்புறம் அல்லாரும் கூடிட்டாங்க. மேஸ்திரி சத்தம் போட்டாரு, சரிதானே, போடத்தான செய்வாரு. ஆனா பாத்தவங்க அல்லாரும் சொன்னாங்க, "இந்தம்மா அந்நேரம் காத்தாடியை நிறுத்தலீன்னா மாராத்தா கழுத்து போயிருக்கும்"னு. ஒரு கெழவி என்ற ரெண்டு கையையும் புடிச்சுக் கண்ணுல ஒத்திக்கறா. கையை எங்க வெச்சுக்கறதுன்னு எனக்குத் தெரியல.

ஆஸ்பத்திரிக்குப் போக அவளை ஒரு வண்டியில ஏத்தறாங்க, இவரும் கூடப் போறதுக்குக் கெளம்பறாரு. அந்நேரம் பெனடிக்ட் சாரு ரிமோட்டைக் கையில எடுத்துட்டாரு. எதுனால இப்பிடி ஆச்சுன்னு பாக்கறதுக்கு. மரத்து நெழல்ல நின்னுட்டுப் பட்டனை அமுக்கிட்டே போறாரு. நான் ரெண்டடி தள்ளி நிக்கறேன். ஓடிரலாமான்னு நெனச்சேன், எங்க ஓடறது, வெட்டவெளி.

"நாச்சிமுத்து, இதை யாரு நாப்பத்தஞ்சுல வெச்சது?"ன்னாரு.

இவரு கிட்ட வந்து ரிமோட்டை வாங்கிக் கையை நீட்டி வெச்சுப் பாத்தாரு. அவருக்கு அது தெரியாது, வெறும் வெளிச்சந்தான் தெரியும். ஆனாலும் பாத்தாரு. நெம்ப நேரம் பாத்தாரு. அப்புறம் சொன்னாரு, "நான்தானுங்க சார். கை முன்னாட்ட இல்ல. அதனால கொறைச்சு வெச்சேன்."

பெனடிக்ட் சாரு அவரைப் பாக்கல. என்னையப் பாத்தாரு. அந்த எழுத்தை யாரு படிக்க முடியும், யாரு படிக்க முடியாதுன்னு அவருக்குத் தெரியாதா? ரிமோட்டை வாங்கிப் பைக்குள்ள போட்டுட்டுப் போயிட்டாரு.

அன்னையிலிருந்து ஆரம்பிச்சுது கண்ணு எனக்கு நெசமான பயம்.

அவரு என்னையக் கேக்கவே இல்ல. அடிச்சிருந்தா, கத்தியிருந்தா, அவங்கக்காளைக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தா நான் தாங்கியிருப்பேன். ஒண்ணுமில்ல. காத்தால எந்திரிப்பாரு, காப்பி குடிப்பாரு. உப்பு போதும்பாரு. மழை வர்றாப்ல இருக்குதும்பாரு. மத்தியானம் மாராத்தா வூட்டுக்குப் போயி, அவளுக்குத் தண்ணிக் கொடம் எடுத்து வெச்சுட்டு, ஆட்டுக்குத் தழை வெட்டிப் போட்டுட்டு வருவாரு. வந்து கையைக் கழுவிட்டு உக்காருவாரு. நான் தட்டை வெக்கும்போது நிமிந்து பாக்க மாட்டாரு. இன்னைக்குக் கேப்பாரு, இப்பக் கேப்பாருன்னு நான் ஒவ்வொரு வேளையும் செத்துச் செத்துப் பொழைக்கறேன். நாலாவது நாளு பாக்கறேன், அந்த ரப்பர் பந்து குப்பைக் கூடையில கெடக்குது. என்ற மேல இருக்கற கோவத்தைப் பந்து மேல காட்டியிருக்காருன்னு நெனச்சேன். அடுத்தது நான்தான்னு நெனச்சேன். இந்த வயசுல என்னைய எங்க அனுப்புவாரு? எங்கம்மா வூட்டுல யாரு இருக்கா?

இதுக்கு நடுவுல மாராத்தா வேற. மாரியாத்தா கோயில்ல என்ற பேருக்கு அர்ச்சனை பண்ணித் திருநீறு குடுத்து அனுப்பிச்சிருக்கா. ஒடைஞ்ச கையோட. "எனக்கு உசுரு குடுத்த அம்மிணி"ன்னு ஊரெல்லாம் சொல்றாளாம். இவரு அந்தப் பொட்டலத்தை என்ற கையில குடுத்துட்டு ஒண்ணும் சொல்லாம உள்ள போயிட்டாரு. நான் அதைப் பிரிக்கவே இல்ல.

இன்னைக்குக் காத்தால கீரை ஆஞ்சுட்டிருந்தேன். அவரும் வந்து எதுக்கால உக்காந்து ஒரு கைப்புடி எடுத்து ஆஞ்சாரு. முத்துன தண்டு, பூச்சி அரிச்ச எலை, எல்லாம் சரியா எடுத்துப் போடறாரு. வெரலு சுறுசுறுன்னு ஓடுது. அந்த வெரலைப் பாத்ததும் எனக்குத் தாங்கல.

"நான்தானுங்க அந்த எண்ணைக் கொறைச்சேன்"னேன். "தைரியமிருந்தா என்னைய ஏதாச்சும் கேளுங்க. இப்பிடிப் பேசாம கொல்லாதீங்க."

அவரு கீரையை வெக்கல. "தெரியும்"னாரு. "அங்கயே தெரியும்."

"அப்புறம் ஏனுங்க கேக்கல?"

இன்னொரு கைப்புடி கீரையை எடுத்தாரு. அப்புறம் சொன்னாரு. அப்பிடியே சொல்றேன் கேளு. "மூணு மாசமா என்ற கை போச்சுன்னு நெனச்சுட்டிருந்தேன் துளசி. எங்கப்பனாட்ட ஆவப் போறேன், நீதான் ஊட்டி விடோணும்னு நெனச்சுட்டிருந்தேன். அன்னைக்கு சாரு நாப்பத்தஞ்சுன்னு சொன்னாரு. அந்தப் பொம்பளையைத் தூக்கிட்டுப் போறாங்க, வண்டியில ஏத்தறப்ப அவ கத்தறது கேக்குது. எனக்கு உள்ளுக்குள்ள சந்தோசமா இருந்துச்சு. என்ற கைக்கு ஒண்ணுமில்லன்னு. சிரிப்பே வந்துரும் போல இருந்துச்சு. அதை மறைக்கத்தான் ரிமோட்டையே பாத்துட்டு நின்னேன். நான் உன்னைய நெனைக்கவே இல்ல துளசி. எனக்கு என்னையப் பாத்தாத்தான் பயமா இருக்குது. அவ வூட்டுக்குப் போயித் தண்ணி எடுத்து வெக்கறேன், ஒவ்வொரு கொடத்துக்கும் அது ஞாபகம் வருது."

அந்தப் பந்தைக் கேட்டேன். "இனி எதுக்கு அது"ன்னாரு. அவ்வளவுதான் அது.

இருபத்திரெண்டு நாளு கண்ணு. அவரு என்ற மேல கோவமா இருக்காருன்னு நான் பயந்துட்டுக் கெடக்கேன், அவரு என்னைய நெனைக்கவே இல்லீங்கறாரு. எனக்கு அழுகறதா, ஆத்திரப்படறதான்னு தெரியல.

அப்புறம் சொன்னாரு, "அந்தம்மாகிட்டச் சொல்லோணும். ரெண்டு பேரும் போலாம்."

"வேண்டாங்க. என்றதை நான் போயிச் சொல்றேன். உங்களுதை நீங்க ஒரு நாளு போயிச் சொல்லிக்கங்க"ன்னு சொல்லிட்டுப் பஸ் ஏறிட்டேன். ஏறறப்ப இருந்த தைரியம் உக்கடம் தாண்டறப்ப இல்ல.

நீ படிச்ச புள்ளையாத் தெரியற, ஒண்ணு சொல்லு. வர்ற வழியெல்லாம் மனசுக்குள்ள சொல்லிப் பாத்துட்டே வர்றேன். "மாராத்தா, அந்த பிளேனு திரும்பாமப் போனதுக்குக் காரணம் நான்தான். நல்லதுக்குன்னு நெனச்சுத்தான் பண்ணுனேன்." இதுல அந்த நல்லதுக்குங்கற வார்த்தையை வெச்சுச் சொல்றதா, எடுத்துட்டுச் சொல்றதா? வெச்சுச் சொன்னா அவ உடனே என்னைய மன்னிச்சுருவா, அவ அப்பிடிப்பட்டவ. எடுத்துட்டுச் சொன்னா என்ன சொல்லுவான்னு தெரியல. நல்லதுக்குத்தான கண்ணு பண்ணுனேன்? நீயே இவ்வளவு நேரம் கேட்டியே. ஆமான்னு சொல்லேன்.

ஏன் சன்னல் பக்கம் திரும்பிக்கற?

சரி, விடு.

பூலாங்குளம் பிரிவுன்னு கத்தறாரு கண்டக்டரு. இருங்க, எறங்கோணும்! பையி எங்க... இந்தா இருக்குது. அய்யோ, அங்க பாரு கண்ணு. நெழற்கொடைக்குப் பக்கத்துல, பச்சச் சீலை, கையில மாவுக்கட்டு. அவதான். இவரு போனு பண்ணிச் சொல்லியிருப்பாரு நான் வர்றேன்னு. வெயில்ல வந்து எனக்காக நிக்கறா.

என்னையப் பாத்துட்டா. சிரிக்கறா.